மூன்றாவது துண்டு

அண்ணன்: ...அப்ப லைட்டே போடக் கூடாதா?

தங்கை: சுவிட்சுல இருந்து கையை எடுண்ணா! எத்தனை தடவை சொல்றது? வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு.

அண்ணன்: சரி, சரி... கத்தாத. எங்க உக்காருறதுன்னே தெரியல. இது ஸ்டூலா, குப்பைத் தொட்டியா?

தங்கை: குப்பைத் தொட்டி. அதுவும் கதிர் ஒட்டின குப்பை. நகர்ந்து இந்தப் பக்கம் வா.

அண்ணன்: ஐயையோ! முன்னாடியே சொல்ல மாட்டியா? உக்காந்திருந்தேன்னா?

தங்கை: ஒண்ணும் ஆகியிருக்காது. சுத்தி ஈயத் தகடு இருக்கு. காலையில போட்டுக் கழட்டின கையுறைதான் உள்ள கெடக்கு. நாளைக்குக் காலையில அதுவும் சாதாரணக் குப்பை.

அண்ணன்: எனக்கு இருக்கிறதே நாலு முடி. அதுவும் போச்சுன்னா உங்க அண்ணி உன்னைத்தான் பிடிப்பா.

தங்கை: போகாது. இந்தக் கதிர் ரொம்ப நேரம் நிக்காதுண்ணா. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதியாகிடும். அப்புறம் அதுல பாதி, அதுலயும் பாதி... காலையில சுடச்சுட வந்த கதிர் மருந்து, ராத்திரிக்கெல்லாம் வெறும் தண்ணி மாதிரி. அதனாலதான் சொல்றேன், ஒரே ஒரு தடவைதான். இன்னிக்குத் தப்பிப்போச்சுன்னா இதே துண்டைத் திருப்பி வச்சுப் பாக்க முடியாது.

அண்ணன்: துண்டு துண்டுன்னு சொல்லாத பாப்பா. அது அப்பா.

தங்கை: தெரியும்ணா.

அண்ணன்: உனக்குப் பழகிப்போச்சு. எனக்கு... கேக்க முடியல.

தங்கை: எனக்கு மட்டும் பழகிப்போச்சுன்னு யார் சொன்னா? போனை ஆஃப் பண்ணு முதல்ல.

அண்ணன்: உங்க அண்ணி கூப்பிடுவா.

தங்கை: அந்த ஸ்கிரீன் வெளிச்சமே போதும் கெடுக்கிறதுக்கு. பையில போடு. நல்லா உள்ள போடு.

அண்ணன்: போட்டாச்சு. ...இங்க வேற யாரும் வர மாட்டாங்கல்ல?

தங்கை: லீவு நாள். மாடியில எலிக்கூண்டைப் பாக்கிற ஆள் மட்டும் வருவார், அவரும் கீழ எறங்க மாட்டார். வாட்ச்மேன் வாசலை விட்டு நகர மாட்டார். யாராவது உன்னை இங்க பாத்தா, எனக்கு நாளையிலிருந்து வேலை இல்ல. அதையும் தெரிஞ்சுக்க.

அண்ணன்: நீ காட்டலைன்னா நேரா ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டிருப்பேன்.

தங்கை: அதுக்குப் பயந்துதானே கூட்டிட்டு வந்தேன்! நீ அங்க போய் எங்க அப்பாவோட மூளையில என்ன இருந்துச்சுன்னு நின்னா, உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு கேப்பாங்க. அடுத்த நிமிஷம் என் பேர் வரும்.

அண்ணன்: அம்மா மட்டும் முடிவைச் சொல்லிடுங்கன்னு சொல்லியிருந்தா...

தங்கை: அம்மா என்ன சொன்னா? அப்பா போனதும் ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட, மூளையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கோங்க, ஆனா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கன்னுட்டா. தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்னு கேட்டா. அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க... ரெண்டையும் பாத்துப் பாத்துப் பயப்பட அவளுக்குத் தெம்பு இல்ல.

அண்ணன்: அப்பா மட்டும் தெளிவா இருந்தார். என் தலையைப் பிளந்தாவது கண்டுபிடிங்கடான்னு.

தங்கை: அப்ப அவருக்குக் கொஞ்சம் நினைவு இருந்துச்சு.

அண்ணன்: ஒண்ணு கேக்கணும். பேர் எழுத மாட்டாங்க, வெறும் நம்பர்தான்னு சொன்னியே. அப்பாதுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?

தங்கை: உறைய வச்ச கட்டியா வரும். நான் மிஷின்ல பொருத்தி வெட்டுவேன். முடியைவிட மெல்லிசா, ஒவ்வொரு ஏடா. அன்னிக்கும் ஏதோ ஒரு நம்பர்னுதான் எடுத்து வச்சேன். முதல் ஏடு சுருண்டு வந்துச்சு. ரெண்டாவதைத் தூரிகையால தடவி விரிச்சேன்... இடது பக்கம் ஒரு பள்ளம்.

அண்ணன்: பெயிண்ட் அடிக்கிறப்ப சாரம் சரிஞ்சு விழுந்தாரே...

தங்கை: அந்தப் பள்ளம்தான். சின்ன வயசுல, அப்ப எடுத்த தலை ஸ்கேன் ஃபிலிமை அம்மா ஜன்னல்ல பிடிச்சுப் பிடிச்சுப் பாப்பாளே. நாம ரெண்டு பேரும் அதைப் பாத்து மேகம் மாதிரி இருக்கு, பன்னு மாதிரி இருக்குன்னு சிரிப்போமே. எனக்கு அந்தப் பள்ளம் நம்ம வீட்டு வாசப்படி மாதிரி தெரியும்ணா.

அண்ணன்: நீ என்ன பண்ணின?

தங்கை: கத்தியை நிறுத்திட்டு வெளிய போய் நின்னேன். அப்புறம் உள்ள வந்து மீதியை வெட்டினேன்.

அண்ணன்: வெட்டினியா!

தங்கை: வெட்டாம விட்டா உருகிடும். வீணாப்போயிடும். வேற யார் கையிலயாவது குடுக்கிறதுக்கு... நானே வெட்டலாம்னு தோணிச்சு. அழாதண்ணா.

அண்ணன்: யார் அழுறா? தூசி. உங்க லேப்ல ஒருத்தரும் கூட்டுறதில்லையா?

தங்கை: தூசி இருந்தா எங்களைத் தொலைச்சுடுவாங்க. கண்ணைத் துடை.

அண்ணன்: சரி, சொல்லு. இப்ப என்ன பண்ணப்போற? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. பஸ் ஓட்டுறவனுக்குப் புரியணும்.

தங்கை: இந்த கசெட்டுக்குள்ள ஒரு பிளேட் இருக்கு. பாத்தா வெள்ளை அட்டை மாதிரிதான் இருக்கும், வளையும். ஒரு பக்கம் மட்டும் பொடிப்பொடி படிகம் பூசியிருக்கும். நாம மூளை ஏட்டை அந்த மருந்துல நனைச்சு, கழுவி, காய வச்சு, கண்ணாடியோட இதுமேல கவுத்து வைக்கணும். அதைக் காலையிலயே வச்சாச்சு.

அண்ணன்: அப்படியே படம் விழுந்துடுமா?

தங்கை: விழும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. அதுதான் இதுல அழகே. கதிர் வந்து படிகத்துல இடிச்சதும், உள்ள இருக்கிற எலக்ட்ரான் துள்ளி எழுந்து பக்கத்துல ஒரு குழியில போய் விழுந்துடும். விழுந்ததுக்கு ஏறி வரத் தெம்பு இருக்காது. அப்படியே மாட்டிக்கிட்டுக் கெடக்கும். எங்க கதிர் நெறையப் பட்டுச்சோ அங்க நெறைய மாட்டியிருக்கும்.

அண்ணன்: குழியில விழுந்தது விழுந்ததுதானா?

தங்கை: யாராவது வந்து தட்டி எழுப்புற வரைக்கும். ஸ்கேனர்ல ஒரு சிவப்பு லேசர் இருக்கு. ஊசிமுனை மாதிரி. அது ஒவ்வொரு புள்ளியா தட்டிக்கிட்டே போகும். மாட்டிக்கிட்டதெல்லாம் எழுந்து வெளிய குதிக்கும், குதிக்கும்போது துளி நீல வெளிச்சம் விடும். அந்த நீலத்தை எண்ணி எண்ணித்தான் கம்ப்யூட்டர் படம் போடுது.

அண்ணன்: சிவப்பால தட்டினா நீலம் வருதா! நல்ல கூத்துதான்.

தங்கை: அதனாலதான் இங்க சிவப்பு பல்புகூடக் கிடையாது. பழைய போட்டோ ஸ்டூடியோவுல இருட்டறைன்னா சிவப்பு லைட் போடுவாங்க இல்ல? இங்க புதுசா வர்றவங்க அந்த நினைப்புல சிவப்பு லைட்டைக் கொண்டுவந்துடுவாங்க. இந்த பிளேட்டுக்கு சிவப்புதான் எமன். வெள்ளை இன்னும் மோசம். அதுலயும் சிவப்பு இருக்கே.

அண்ணன்: ஸ்கேனர் ஒரு தடவை படிச்சதும்?

தங்கை: எழுப்பினது எழுப்பினதுதான். திருப்பிப் படிச்சா முன்ன மாதிரி வராது. மிச்சத்தைப் பளிச்சுன்னு வெள்ளை லைட்டுல வச்சா சுத்தமா அழிஞ்சுடும், அடுத்த வேலைக்கு ரெடி. இன்னிக்குக் காலையிலயும் அப்படி அழிச்சுட்டுத்தான் வச்சேன். சும்மா அலமாரியில கெடந்தாலே சுவர்ல இருந்தும் வானத்துல இருந்தும் கொஞ்சம் கொஞ்சமா கதிர் பட்டு அழுக்கு சேர்ந்துடும். அழிக்காம வச்சா...

அண்ணன்: பாப்பா.

தங்கை: என்ன?

அண்ணன்: நீ ஏன் எல்லாத்தையும் இப்படி ஒப்பிக்கிற? வாய்ப்பாடு சொல்ற பிள்ளை மாதிரி.

தங்கை: நீதானே புரியிற மாதிரி சொல்லுன்ன?

அண்ணன்: கேட்டதுக்குச் சொன்ன. கேக்காததுக்கும் சொல்றியே. கசெட்டைத் தொடும்போதே வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்த.

தங்கை: ...சொல்லிப் பாத்துக்கிறேண்ணா.

அண்ணன்: எதுக்கு?

தங்கை: ஏதாவது விட்டுப்போகுதான்னு. தினமும் வேலைக்கு வந்ததும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை சொல்லிப் பாப்பேன். இதுவரைக்கும் ஒண்ணும் விட்டுப்போகல.

அண்ணன்: உனக்கு அதெல்லாம் வராது. நீ சின்னவ.

தங்கை: அது பெரியவன் சின்னவன்னு பாத்தா வருது? அத்தைக்கு என்ன வயசுல வந்துச்சு?

அண்ணன்: அத்தைக்கு வந்தது வேற. மாமா போன துக்கம்னு அம்மா சொல்லுவா.

தங்கை: அம்மா ஆயிரம் சொல்லுவா. அப்பாவுக்கும் அடிபட்டதாலதான்னு சொன்னா. இருக்கலாம். அன்னிக்கு விழுந்த அடி, பல வருஷம் கழிச்சுத் தலை காமிச்சிருக்கலாம். அப்படின்னா அது அவரோட போச்சு. இல்ல, அத்தைக்கும் அவருக்கும் ஒரே ரத்தத்துல வந்ததுன்னா... நமக்கு ஆளுக்குப் பாதிக்குப் பாதி.

அண்ணன்: காசு சுண்டுற மாதிரி.

தங்கை: காசு சுண்டுற மாதிரிதான்.

அண்ணன்: ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியாதா?

தங்கை: ஊசியைப் பாத்தா ஓடுற ஆள் நீ! பாக்கலாம்ணா. ஆனா அப்பாவுக்கு இருந்தது எதுன்னு தெரிஞ்சாத்தான் ரத்தத்துல எதைத் தேடுறதுன்னு தெரியும். அதுக்குத்தான் இது. மறதி வியாதி வந்தா மூளையில கசடு சேரும், இந்த மருந்து அந்தக் கசடுமேல மட்டும் போய் ஒட்டும். ரத்தத்துல வந்த வியாதின்னா மூளை பூராவும் கசடு இருக்கும், மருந்து ஒட்டும், படம் கறுப்பா வரும். அடிபட்டது மட்டும்னா வெளிறி வரும். ஒரே ஒரு ஏட்டை வச்சு ஆணியடிச்ச மாதிரி சொல்ல முடியாது. ஆனா பாத்தா தெரிஞ்சுடும்.

அண்ணன்: அப்பாவுக்கு ஆரம்பிச்ச வயசு எனக்கு வந்தாச்சு பாப்பா.

தங்கை: எனக்கு மட்டும் கணக்குத் தெரியாதா?

அண்ணன்: ஒரே சுவருல பாதி பச்சை, பாதி மஞ்சள் அடிச்சு வச்சாரே. வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தப்ப, நான் எங்கடா மஞ்சளைத் தொட்டேன்னு என்னையே கேட்டார். கை பூரா மஞ்சள்.

தங்கை: உனக்கு... அப்படி ஏதாவது?

அண்ணன்: எனக்கா? சேச்சே. நான் கல்லு மாதிரி இருக்கேன். பொண்ணு கேக்கிறா, தாத்தாவுக்கு வந்தது உனக்கும் வருமாப்பான்னு. அவளுக்கு ஒரு பதில் சொல்லணும். அதுக்குத்தான்.

தங்கை: அதுக்கு மட்டும்தானே?

அண்ணன்: அதான் சொன்னேனே. தொற கசெட்டை.

தங்கை: தொறக்கிறேன். பக்கத்துல வா, ஆனா தொடாத. மூணு கண்ணாடி இருக்கா? மேல இருக்கிறது நல்ல தலை. கடைசி வரைக்கும் பேரப்பிள்ளைங்க பேரெல்லாம் சொன்ன ஒரு பெரியவரோடது. நடுவுல கெட்ட தலை. வியாதின்னு உறுதியாத் தெரிஞ்ச ஒருத்தங்க. அந்த ரெண்டையும் வச்சாத்தான் மூணாவது எந்தப் பக்கம்னு சொல்ல முடியும்.

அண்ணன்: நல்ல தலை, கெட்ட தலைன்னா சொல்லுவீங்க?

தங்கை: நாங்களா வச்ச பேரு. பெரியவங்க முன்னாடி சொல்ல மாட்டோம்.

அண்ணன்: நம்மாளு கீழ இருக்கிறதா? ...ஒண்ணுமே தெரியலையே.

தங்கை: இந்த மங்கல்ல எப்படித் தெரியும்? கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரிதான் இருக்கும். தள்ளு, எடுத்துப் பெட்டியில போடணும்.

அண்ணன்: ஒரு தடவை கையில குடேன். ஓரத்தை மட்டும் பிடிச்சுக்கிறேன்.

தங்கை: வேணாம்.

அண்ணன்: கொள்ளி வச்சவன்டி நான். ஒரு கண்ணாடியைத் தொடக் கூடாதா?

தங்கை: வேணாம்னா வேணாம்ணா! ...கோவிச்சுக்காத. கதிர் இன்னும் இருக்கு, அதான். பாரு, எடுத்தாச்சு. இப்ப பிளேட் மட்டும்தான். படம் பூரா இதுக்குள்ளதான் இருக்கு.

அண்ணன்: வெறும் அட்டை.

தங்கை: வெறும் அட்டை மாதிரிதான் தெரியும்.

காவலாளி: யாரு உள்ள? கதவைத் தொறங்க!

அண்ணன்: பாப்பா!

தங்கை: ஷ்ஷ்... வாட்ச்மேன். வராதவர் இன்னிக்குப் பாத்து வந்திருக்கார்.

காவலாளி: யாருன்னு கேக்கிறேன்ல?

தங்கை: நான்தான்! வர்றேன், கதவைத் தள்ளிடாதீங்க! ...அண்ணா, கேளு. கறுப்புத் துணியைப் போட்டு மூடிட்டுப் போறேன். நீ இங்கயே உக்காரு. எதையும் தொடாத, இருமாத, தும்மாத.

அண்ணன்: மூச்சு விடலாமா?

தங்கை: மெதுவா விடு. ...வந்துட்டேன், வந்துட்டேன். என்னங்க?

காவலாளி: நீங்களா மேடம்? லீவு நாள்ல உள்ள ஆம்பளைக் குரல் கேட்டுச்சே. திருடனோன்னு தடியை எடுத்துட்டு ஓடி வர்றேன்.

தங்கை: ஏசி மெக்கானிக். உள்ள ஏசி நின்னுபோச்சு. விட்டா சாமானெல்லாம் கெட்டுடும், அதான் அவசரத்துக்குக் கூப்பிட்டேன்.

காவலாளி: வாசல்ல என்கிட்ட சொல்லலையே?

தங்கை: பின்பக்கமா நான்தான் கூட்டிட்டு வந்தேன். தப்புதான்.

காவலாளி: என்ன மேடம், என் வேலைக்கு உலை வச்சிடுவீங்க போல இருக்கே. ஒரு ஆள் உள்ள வந்தா நான்தானே பதில் சொல்லணும்? ...உள்ள ஏன் கும்மிருட்டா இருக்கு? இருட்டுல எப்படி ஏசி பாப்பாரு?

தங்கை: உள்ள படம் ஓடிக்கிட்டு இருக்கு, லைட் போடக் கூடாது. அவர் டார்ச் வச்சிருக்கார்.

காவலாளி: நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.

தங்கை: ஐயோ, வேணாம்! கதிர் இருக்கு உள்ள. அவருக்கு நான் அங்கி குடுத்திருக்கேன். உங்களுக்கு இப்ப அங்கி இல்ல.

காவலாளி: கதிரா? அப்ப எனக்கு வேணாம் தாயே. வீட்டுல பிள்ளைகுட்டி இருக்கு... சீக்கிரம் அனுப்பிடுங்க. ஆங், மேடம்!

தங்கை: என்னங்க?

காவலாளி: போகும்போது என் ரூம் ஃபேனையும் ஒரு தடவை பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. சுத்துறதைவிடக் கத்துறதுதான் ஜாஸ்தி.

தங்கை: சொல்றேன், சொல்றேன். நீங்க போங்க.

காவலாளி: மறந்துடாதீங்க.

தங்கை: ...மறக்க மாட்டேன்.

அண்ணன்: போயிட்டாரா?

தங்கை: போயிட்டார். அப்பாடா.

அண்ணன்: நான் ஏசி மெக்கானிக்கா? நல்லவேளை, பல் டாக்டர்னு சொல்லாம விட்டியே.

தங்கை: சிரிக்காத. ஏன் உனக்கு இப்படி வேர்த்திருக்கு?

அண்ணன்: ஏசிதான் நின்னுபோச்சுன்னியே.

தங்கை: அண்ணா!

அண்ணன்: பயம்டி. பயந்தா வேர்க்காதா? சீக்கிரம் ஸ்கேனருக்குள்ள தள்ளு அதை. எனக்கு இதுக்குமேல தாங்காது.

தங்கை: தள்ளியாச்சு. மூடியாச்சு. இப்ப லைட் போட்டுக்கலாம்... உன் மூஞ்சியைப் பாரு, சுண்ணாம்பு மாதிரி.

அண்ணன்: உன் மூஞ்சி மட்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

தங்கை: கொஞ்ச நேரம்தான். மேல இருந்து கோடு கோடா வரும். சத்தம் கேக்குதா? லேசர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு.

அண்ணன்: வருது... வருது பாரு. என்ன இது, புகை மாதிரி?

தங்கை: நல்ல தலை. பாத்தியா, ஓரம் மட்டும் லேசா? மருந்து எங்கயும் பெருசா ஒட்டல. கழுவினாலும் போகாம கொஞ்சம் தங்கும், அதான் அந்தச் சாம்பல். மடிப்பு மடிப்பா எவ்வளவு அழகா இருக்கு பாரு.

அண்ணன்: பெரியவர் கொடுத்து வச்சவர்.

தங்கை: இப்ப நடுவுல இருக்கிறது. ...ஆரம்பிச்சுடுச்சு.

அண்ணன்: அம்மாடி.

தங்கை: ம்.

அண்ணன்: இவ்வளவு கறுப்பா? தார் ஊத்தின மாதிரி... இது ஒரு மனுஷனோட தலைக்குள்ளயா?

தங்கை: மனுஷி. டீச்சரா இருந்தாங்களாம்.

அண்ணன்: என் கையைப் பிடிச்சுக்கோ.

தங்கை: உன் கை சில்லுன்னு இருக்கு.

அண்ணன்: உன்னோடது மட்டும் சுடுதா?

தங்கை: அடுத்தது மூணாவது.

அண்ணன்: கோடு ஓடுதா? நின்னுடுச்சா?

தங்கை: ஓடுது. சத்தம் கேக்குதே.

அண்ணன்: ஒண்ணும் வரலையே.

தங்கை: பொறு.

அண்ணன்: பாதிக்கு வந்தாச்சு பாப்பா. வெள்ளையா இருக்கு.

தங்கை: ஆமா... வெள்ளையாத்தான் இருக்கு.

அண்ணன்: முடிஞ்சுதா?

தங்கை: முடிஞ்சுது. ...அண்ணா, சுத்தம்! ஒரு பொட்டு கறுப்பு இல்ல பாரு. அப்பாவுக்கு அது இல்ல. அடிபட்டதாலதான். அம்மா சொன்னதுதான் சரி.

அண்ணன்: சுத்தமா?

தங்கை: சுத்தமா.

அண்ணன்: அப்ப நமக்கு...?

தங்கை: நமக்கு ஒண்ணும் இல்ல. உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. உன் பொண்ணுக்கும் இல்ல.

அண்ணன்: அழுறியா நீ?

தங்கை: சந்தோஷத்துல வர்றது. நீயும்தான் அழுற.

அண்ணன்: ஆமா. சந்தோஷம்தான்... ரொம்ப சந்தோஷம்.

தங்கை: அண்ணிக்குப் போனைப் போடு. பொண்ணுகிட்ட சொல்லு. இனிமே கண்டதை நினைச்சு ராத்திரி முழிச்சுக் கெடக்காத. நல்லாத் தூங்கி எழுந்து, காலையில தைரியமா வண்டியை எடு.

அண்ணன்: அதை மட்டும் நீ சொல்லாம இருந்திருக்கலாம்.

தங்கை: எதை?

அண்ணன்: வண்டியை எடுன்னு. அதை நீ சொல்லலைன்னா நான் அப்படியே சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பேன்.

தங்கை: என்ன பேசுற நீ?

அண்ணன்: நல்ல தலைக்கு ஓரம் தெரிஞ்சுதா இல்லையா?

தங்கை: தெரிஞ்சுது.

அண்ணன்: கழுவினாலும் கொஞ்சம் தங்கும்னு நீதானே சொன்ன? அப்பாவுக்கு ஓரம் எங்க? அந்தப் பள்ளம் எங்க?

தங்கை: அது... சில சமயம் ரொம்பச் சுத்தமா இருந்தா...

அண்ணன்: எனக்காகப் பொய் சொல்லாத பாப்பா. இது சுத்தம் இல்ல, இது காலி. காலியா ஏன் இருக்குன்னு எனக்குத் தெரியும். நான்தான் அழிச்சேன்.

தங்கை: என்ன...?

அண்ணன்: நீ வாட்ச்மேன்கிட்ட பேசப் போனியே. துணியைத் தூக்கினேன். போனை எடுத்து லைட்டைப் போட்டு, மூணாவது இருந்த இடத்துமேல ஒட்டிப் பிடிச்சுக்கிட்டேன். மத்த ரெண்டுக்கும் பட்டுடக் கூடாதுன்னு இந்தக் கையால அணை கட்டினேன். நீ வெளிய எனக்கு டார்ச் குடுத்துக்கிட்டு இருந்த... நான் உள்ள அப்பாவை அழிச்சுக்கிட்டு இருந்தேன்.

தங்கை: ஏண்ணா?

அண்ணன்: கறுப்பா வந்துட்டா என்ன பண்றதுன்னு. பாக்கணும் பாக்கணும்னு உன் உசுரை எடுத்ததும் நான்தான். நீ கசெட்டைத் தொறந்ததும், ஐயோ வேணாம்னு ஆயிடுச்சு. ஓடிப்போயிடலாம்னு பாத்தேன், வாசல்ல வாட்ச்மேன்.

தங்கை: கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னியே.

அண்ணன்: சொன்னேன்.

தங்கை: அண்ணா... உனக்கு என்ன ஆச்சு? உள்ளதைச் சொல்லு.

அண்ணன்: பெரிய மார்க்கெட் சிக்னல். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன், அவ்வளவு வருஷம் ஓட்டின ரோடு. பச்சை விழுந்துச்சு. இடதா வலதான்னு தெரியல. கொஞ்சம் குழப்பம்னு நினைக்காத... சுத்தமாத் தெரியல பாப்பா. எந்த ஊர் ரோட்டுலயோ கொண்டுவந்து விட்ட மாதிரி. பின்னாடி ஹாரன் அலறுது. உள்ள அத்தனை பேரும் திட்டுறாங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

தங்கை: ஒரு தடவைதானே? தூக்கம் இல்லாட்டி யாருக்கும்...

அண்ணன்: ஒரு தடவைன்னா நான் ஏன் இங்க வர்றேன்? கண்டக்டருக்குத் தெரியும். நல்ல மனுஷன். எதுவும் கேக்கல. மறுநாள்ல இருந்து திருப்பம் வர்றதுக்கு முன்னாடியே வந்து என் சீட்டுக்குப் பின்னாடி நின்னுப்பார். கம்பியில தட்டுவார். ஒரு தட்டுன்னா இடது. ரெண்டுன்னா வலது. தட்டலைன்னா நேரா.

தங்கை: ஐயோ...

அண்ணன்: அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். காலையில முதல் டிரிப் பூரா ஸ்கூல் பிள்ளைங்க. நாளைக்குக் கண்டக்டர் லீவு. வேற ஆள் வர்றார்... அவருக்குத் தட்டத் தெரியாது. ...ஏன் அப்படிப் பாக்கிற? திட்டு. உன் வேலையையும் கெடுத்து, ஒரே தடவைதான்னு நீ சொன்னதையும் அழிச்சுட்டேன். திட்டுடி.

தங்கை: நீ எதையும் அழிக்கலண்ணா. மூணாவது வெறும் கண்ணாடி... அதுல அப்பா இல்ல. அப்பாவைப் போன மாசமே ஒரு நாள் தனியா வச்சுப் பாத்துட்டேன். நடுவுல வந்துச்சே, அதைவிடக் கறுப்பா இருந்தார். நீயாவது நிம்மதியாத் தூங்கட்டும்னுதான் இன்னிக்குக் காலிக் கண்ணாடியை வச்சேன். எழுந்திரு. இப்பவே ரெண்டு பேரும் டிப்போவுக்குப் போறோம்... நாளைக்குக் காலையில அந்தப் பிள்ளைங்களை வேற யாராவது ஏத்திட்டுப் போகட்டும்.